எண்ணுக்கு அடியில் இன்னோர் எண்

பல் டாக்டரின் வீட்டில் முன்னறை பல்லுக்கு, பின்னறை எஞ்சினுக்கு. நோயாளிகள் தெருப்பக்கக் கதவால் வந்து அதே கதவால் போய்விடுவார்கள். நடுக்கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. எப்போதாவது பெட்ரோல் வாடை எட்டிப் பார்க்கும். "புது மருந்தா டாக்டர்?" என்று கேட்பார்கள். "ஆமா, ரொம்பக் காரமான மருந்து. வாயைத் திறங்க" என்பார் டாக்டர். திறந்த வாயால் மேற்கொண்டு கேள்வி கேட்க முடியாது என்பது அந்தத் தொழிலில் ஒரு வசதி.

கார் அவருடையது. அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில், ஓய்வுபெற்ற விமானி ஒருவரிடம் வாங்கியது. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். ஆமை முதுகு மாதிரி வளைந்த கூரை, பின்பக்கம் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றாலேயே குளிரும் எஞ்சின். விற்கும்போதே விமானி மறைக்காமல் சொல்லிவிட்டார்: "உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. எஞ்சின் மட்டும் இறுகிப் போச்சு. அதை உயிர்ப்பிக்க ஆள் இல்லன்னுதான் விக்கிறேன்." டாக்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஓடுகிற வண்டி யாருக்கு வேண்டும்? கழற்றிப் பார்க்க ஒன்று வேண்டும்.

கழற்றினார். ஜாக்கி வைத்து எஞ்சினை இறக்கியபோது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய கணவர், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். டார்ச் வெளிச்சம் பாதி நேரம் சுவரில்தான் இருந்தது. கழன்ற ஒவ்வோர் உறுப்பும் படம் எடுக்கப்பட்டு, பல் கட்டும் தட்டுகளில் வரிசையாகப் படுத்தது. பல் கருவிகளை அதிர்வலையில் கழுவும் தொட்டியில் கார்புரேட்டரின் பொடித் துளைகள் பளிச்சென்று சுத்தமாயின. பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதன் குறுக்குக் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பதால் மாடியில் குடியிருந்த அக்காவின் ஓவனையும் இரவல் வாங்கினார்.

"இனி இதுல பிரெட் சுட்டா, சாப்பிட்டவன் வாயில புகை வரும்டி" என்றாள் அக்கா. ஆனால் ஓவனைக் கொடுத்தாள். திரும்ப வந்ததும் மூன்று தடவை, தங்கைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத் தேய்த்துக் கழுவினாள்.

எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும் என்றுதான் டாக்டர் நினைத்தார். ஒன்று மட்டும் முடியவில்லை. எஞ்சினின் எலும்புக்கூடு என்று சொல்லத்தக்க கிராங்க் கேஸ், இரண்டு பாதிகளாகப் பிரிந்து மூடும் உலோகப் பெட்டி. அதற்குள் பேரிங் உட்காரும் வட்டங்கள் அடிபட்டு லேசாக நீண்டிருந்தன. அவற்றை ஒரே நேர்கோட்டில் கடைந்து எடுக்கப் பெரிய இயந்திரம் வேண்டும். பழைய கார் சங்கத்தில் எல்லோரும் ஒரே பட்டறையைத்தான் சொன்னார்கள். சங்கத்தின் பிரசிடெண்ட் தன் காரின் வேலையையும் அங்கேதான் கொடுத்திருந்தார். டாக்டரின் காரும் அவர் காரும் ஒரே மாதிரி. அந்த ஊரில் அந்த வகையில் வேறு வண்டி கிடையாது.

பட்டறைக்குக் கேஸைத் தூக்கிக்கொண்டு போனது டாக்டர். கூடப் போன கணவர் கையில் இருந்தது குடை. பட்டறை வைத்திருந்த லேத்துக்காரர் குடையைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், எப்ப வேணும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவங்கதான்" என்று கணவர் மனைவியைக் காட்டினார்.

"சரி சார். முடிச்சிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்பதை விளக்கினார். லேத்துக்காரர் தலையாட்டினார், குடையைப் பார்த்து.

வேலை இழுத்தது. இன்றைக்கு, நாளைக்கு, கரெண்ட் இல்லை, ஆள் வரவில்லை. ஒருவழியாகக் கேஸ் வந்தபோது, மணல் மாதிரிப் பொடியை வீசியடித்துச் சுத்தம் செய்யப்பட்டு, வெள்ளிப் பாத்திரமாக மின்னியது. கணவர், "அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கே!" என்றார். டாக்டர் மட்டும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாய்க்குள் பார்த்துப் பழகியவருக்கு ஒரு பழக்கம் உண்டு: முகம் மறந்துபோகும், பல் மறக்காது. பல வருஷம் கழித்து வரும் நோயாளியின் பெயர் நினைவுக்கு வராது. ஆனால் அந்தக் கீழ்க்கடைவாய் அடைப்பு யார் வைத்தது என்று தெரியும். இந்தக் கேஸ் அவருக்குத் தெரிந்த வாய் இல்லை.

ஆயில் ஊற்றும் குழாய் உட்காருகிற இடத்தில் முன்பு தலையில்லாத போல்ட் மாதிரியான ஒரு ஸ்டட் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. பல்லைக் குடைகிற பர் ஊசியால்தான் டாக்டர் அதைக் குடைந்து எடுத்தார். அப்போது, படமெல்லாம் எடுத்து முடிந்த பிறகு, ஊசி ஒருமுறை வழுக்கி, பக்கத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. தன் கையால் விழுந்த காயம் என்பதால் அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. இப்போது அந்த இடத்தை விரலால் தடவினார். குழந்தையின் கன்னம் மாதிரி வழவழப்பாக இருந்தது.

சொத்தை தேடும் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உள்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினார். நடுப் பேரிங் வட்டத்தின் ஓரத்தில் ஊசி கொக்கிப்போட்டு நின்றது. சுரண்டினார். உலோக நிறத்தில் பசை உதிர்ந்தது. பசைக்கு அடியில் விரிசல், மயிரிழை மாதிரி ஆரம்பித்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கேஸில் எஞ்சினைக் கட்டியிருந்தால், ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் அது வாய்விட்டுப் பிளந்திருக்கும்.

ஆனால் கேஸின் நெற்றியில் அடித்திருந்த எஞ்சின் எண் அவருடைய எண்தான். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

மறுநாள் காலை முன்னறையைப் பூட்டிவிட்டு, கேஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். லேத்துக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இது என் கேஸ் இல்ல."

"நம்பரைப் படிங்க."

"படிச்சேன்."

"உங்க நம்பர்தானே?"

"நம்பர் என்னோடது. கேஸ் என்னோடது இல்ல. என் கேஸ்ல இங்க ஒரு பள்ளம் இருந்துச்சு, அது எங்க?"

"பொடி அடிச்சா போயிடும் மேடம்."

"பள்ளம் பொடியில போகுமா? சரி, போச்சுன்னே வெச்சுக்குவோம். இந்த விரிசல் எங்கேர்ந்து வந்துச்சு?"

லேத்துக்காரர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் அவர் பதில் சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல வெச்சு, தெரியாம, சுத்தியலால தட்டிக் கழட்டினா விரியத்தான் செய்யும். நீங்க பல்லைப் பிடுங்குங்க, நான் வந்து கேள்வி கேக்கறேனா? சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட பேசிக்கறேன்."

பையன்கள் சிரித்தார்கள். டாக்டருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்; பூசணிக்காய்க்குச் சொந்தக்காரிமேலேயே பழி போடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறார். பேசப் பேசத் தன் குரல் கீச்சென்று உயர்வதும், அது உயர உயர அந்த ஆள் நிதானமாவதும் அவருக்கே தெரிந்தது. கத்துகிறவள் பைத்தியம், கத்தாதவன் நியாயவான். உலகம் அப்படித்தான் பார்க்கும். கேஸைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அது அவருடையது இல்லைதான். ஆனாலும் அங்கே விட்டுவிட்டு வர மனசு இல்லை. நல்ல வேளை, விடவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் சட்டை கிழிந்து வந்து நிற்கும் இரண்டு பையன்களிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"பாரு, அவர் பக்கத்துலயும் ஏதாவது இருக்கும்."

"என்ன இருக்கும்?"

"தெரியல. ஏதாவது குழப்பம் ஆகியிருக்கும். நம்பர் சரியா இருக்குல்ல?"

"நம்பரை யார் வேணா அடிக்கலாம். சுத்தியலும் அச்சும் இருந்தா போதும்."

"அவ்வளவு தூரம் போவாங்களா? இத்தனை வருஷமா தொழில் பண்றவரு."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நீ சொல்றதும் சரிதான், ஆனா…"

அந்த "ஆனா"வுக்குப் பிறகு டாக்டர் எதையும் காதில் வாங்கவில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று அக்கா அவரைச் சொல்வதுண்டு. கல்யாணமான நாளிலிருந்து தங்கை அதற்காக அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறாள். அன்றைக்கு முதல்முறையாக, அக்கா சொன்னது குறைச்சல்தான் என்று தோன்றியது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில நாள் கழித்து ஒரு மத்தியானம், நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில், லேத்துக்காரர் போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், சும்மாதான் கூப்பிட்டேன். நான் எதையும் மனசுல வெச்சுக்கல. அதான் சாரே நேர்ல வந்து மன்னிப்பு கேட்டுட்டாரே."

"யாரு?"

"சார்தான். பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில. 'அவ கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவா, நீங்க பெருசா எடுத்துக்காதீங்க'ன்னாரு. தங்கமான மனுஷன் மேடம்."

நோயாளி அப்போது டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊசி போட்ட பக்கம் பல்லே வேண்டாம் என்று எழுந்துவிடப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்.

அன்று மாலை கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கணவருக்கு எளிதாக இருந்திருக்கும். கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தியே சம்பளம் வாங்குகிறவர் அவர்.

"எனக்காக மன்னிப்பு கேட்டீங்களாமே?"

"இல்லம்மா, அது… ஊருக்குள்ள பகை எதுக்குன்னு. சங்கத்துக்காரங்க எல்லாம் பழக்கம். ஞாயித்துக்கிழமை நம்ம ஸ்கூல் மைதானத்துலதான் அவங்க கார் கண்காட்சி வேற…"

"என் பொருளைத் திருடினவன்கிட்ட, திருட்டுக் குடுத்தவ சார்பா, மன்னிப்பு. யாராவது கேட்டா சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

"நான் நல்லதுக்குத்தான்…"

"நல்லது யாருக்கு?"

கணவர் ராத்திரி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். டாக்டர் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்காவைக் கீழே கூப்பிட்டார். பின்னறை மேசைமேல் கேஸ் கிடந்தது.

"அக்கா, நீ சாட்சியா பக்கத்துல நில்லு. போன்ல வீடியோ எடு. என்ன ஆனாலும் நிறுத்தாதே."

"கொலை எதுவும் பண்ணப் போறியா?"

"இல்ல. அடைப்பு எடுக்கப் போறேன்."

விஷயம் இதுதான். பல்லில் அடைப்பு வைப்பதற்கு முன் டாக்டர்கள் லேசாக ஓர் அமிலம் தடவுவார்கள். பல்லின் மேல்பூச்சைக் கரைத்து உள்ளே இருக்கும் நெசவைக் காட்டும். உலோகத்திலும் அதே கதைதான். அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது எண்ணின் பள்ளம் மட்டும் விழுவதில்லை. அதற்குக் கீழே உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேலே அரைத்து வழித்துவிட்டால் பள்ளம் போய்விடும், நசுங்கல் போகாது. அமிலம் தடவினால் நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு வேகத்தில் கரையும். போலீஸ் ஆய்வுக்கூடத்தில் திருட்டு வண்டிகளுக்கு இப்படித்தான் செய்வார்கள் என்று டாக்டர் எப்போதோ படித்திருந்தார்.

எண் அடித்த இடத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்தார். அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். துடைத்தார். மறுபடி தடவினார். ஒன்றும் தெரியவில்லை. அக்கா கை வலிக்கிறது என்றாள். மறுபடி தடவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.

டாக்டரின் எண்ணுக்கு இடையிடையே, சற்றே கீழிறங்கி, சாம்பல் நிறத்தில் நிழல் மாதிரி வேறு இலக்கங்கள் எழுந்து வந்தன. நீருக்கடியில் கிடக்கும் காசு தெரிகிற மாதிரி.

"அடியே" என்றாள் அக்கா. "எண்ணுக்கு அடியில எண் இருக்குடி!"

"படி. சத்தமாப் படி."

அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுவில் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். மற்றதெல்லாம் தெளிவு. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் சந்தோஷம் வரவில்லை. தனக்கே ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. 'ஒருவேளை நாமதான் தப்போ' என்று எல்லோரும் சேர்ந்து அவரையே நினைக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஆத்திரம் மற்ற ஆத்திரத்தைவிடப் பெரியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக ஜனம். நடுநாயகமாகப் பிரசிடெண்டின் கார். டாக்டரின் காருக்கு அச்சு அசல் உடன்பிறப்பு, நிறம்தான் வேறு. ரொம்ப நாளாகப் படுத்திருந்த வண்டி அன்றுதான் முதன்முதலாக ஓடி வந்திருந்தது. முன்னால் ஒரு பலகை: வண்டி தயாரான வருஷம், நிறம், அதற்குக் கீழே 'தொழிற்சாலையில் பொருத்திய அசல் எஞ்சின்' என்று போட்டு எஞ்சினின் எண்.

டாக்டர் பலகையைப் படித்தார். கைப்பேசியில் இருந்த, அடியில் எழுந்த எண்ணின் படத்தைப் பார்த்தார். நடுவில் பிடிபடாத இலக்கம் எட்டு.

"வாங்க டாக்டர்!" என்றார் பிரசிடெண்ட். "பாருங்க, மறுபிறவி எடுத்து வந்திருக்கான். உங்களது எப்ப?"

"பின்னாடி திறந்து காட்டுங்களேன்."

பெருமையாகத் திறந்தார். "சூடா இருக்கும், தொடாதீங்க."

டாக்டர் தொடவில்லை. கைப்பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக்காம்புக் கண்ணாடியை எடுத்துக் குனிந்து உள்ளே நீட்டினார். ஆயில் குழாயின் அடியில், ஸ்டட்டுக்குப் பக்கத்தில், பிறை மாதிரி ஒரு பள்ளம். தன் கை வழுக்கிய இடம். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை அழுகை என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

"இது என் எஞ்சின் கேஸ்."

பிரசிடெண்ட் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"உங்களுது விரிஞ்சு போச்சு. விரிஞ்சதை ஒட்டி, என் நம்பரை அடிச்சு எனக்குக் குடுத்துட்டாங்க. என்னோட நல்ல கேஸை உங்க நம்பர் அடிச்சு உங்களுக்கு. இதோ, நீங்க பலகையில எழுதி வெச்சிருக்கிற நம்பர் எங்க வீட்ல இருக்கிற கேஸ்ல, என் நம்பருக்கு அடியில இருக்கு."

"என்னைத் திருடன்னு சொல்றீங்களா? இத்தனை பேர் முன்னாடி?"

"பட்டறையில என்ன சொன்னீங்க? அதைச் சொல்லுங்க."

"நான் என்ன சொன்னேன்… கேஸ் போச்சுன்னாரு. நல்லது ஒண்ணு கிடைச்சா போடுங்கன்னேன். அவ்வளவுதான். எங்கேர்ந்துன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல? இந்த ஊர்ல இந்த எஞ்சின் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு உங்களது, ஒண்ணு என்னோடது. கேக்க வேண்டாம்னுதானே கேக்கல?"

பிரசிடெண்ட் கூட்டத்தைத் தாண்டித் தேடினார். தேடியது தலைமையாசிரியரை. அவர் எப்போதோ வந்து நின்றிருந்தார். இருவருக்கும் சரியாக நடுவில், வழக்கம்போல.

"சார், நீங்களே பாருங்க சார். உங்க வீட்டம்மா என்ன பேசறாங்கன்னு. கொஞ்சம் சொல்லுங்க. என்ன வேணுமோ உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்."

கணவர் வாயைத் திறந்தார். "பாருங்க, ரெண்டு பேருமே…"

"நடுவுல நிக்காதீங்க" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. "அந்தப் பக்கம் வேணும்னா அந்தப் பக்கம் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நடுவுல நிக்காதீங்க."

கணவர் அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மனைவியின் கைப்பேசியை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். இத்தனை நாளும் அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும் என்பதால்தான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். பலகைக்கு முன்னால் போய் நின்று, வருகைப் பதிவு எடுக்கும் குரலில் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியைப் பார்த்துத் தலையாட்டினார். மைதானத்தில் அந்தக் குரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது போலும். எல்லாரும் அமைதியாக நின்றார்கள்.

முடித்ததும் அவர் யாரிடமும் நியாயம் பேசவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"கேட்டைப் பூட்டுங்க. எல்லா வண்டியும் போகலாம். இந்த வண்டி போகக் கூடாது."

"சார், இது அநியாயம்!" என்றார் பிரசிடெண்ட்.

"இருக்கலாம். போலீசுக்கு நானே போன் பண்றேன், அவங்க வந்து சொல்லட்டும்."

போலீஸ் வந்தது. மகஜர் எழுதியது. கார் ஸ்டேஷனுக்குப் போனது, வீட்டில் இருந்த விரிசல் கேஸும் போனது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கேஸ்களின் நெற்றியிலும் அமிலம் தடவியபோது, ஒன்றின் மேலே இருந்த எண் மற்றதன் அடியில் இருந்தது. டாக்டர் சொன்ன சொல்லில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

கதை இங்கே நல்லபடியாக முடிந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். டாக்டருக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணங்கள் இருந்தன.

சங்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நடந்தது வருந்தத்தக்கது என்றும், ஆனால் குடும்பங்கள் கூடிய இடத்தில் உறுப்பினர்கள் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்றும். கண்ணியம் குறைந்தது யார் என்று அதில் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். பிரசிடெண்ட் பிரசிடெண்டாகவே நீடித்தார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தானே என்றார்கள். "திருட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டவனுக்கும் குளிர் அடிக்கத்தானே செய்யும், பாவம்" என்றாள் அக்கா. டாக்டர் சங்கத்தை விட்டு விலகினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கண்காட்சி நடந்த மறுநாள் கணவர் அவரிடம் மன்னிப்பு கேட்டார். தடுமாறித் தடுமாறி, உண்மையாகவே கேட்டார்.

"எங்கிட்ட கேட்டது சரி" என்றார் டாக்டர். "என் பேர்ல அங்க ஒண்ணு கேட்டீங்களே, அது இன்னும் அங்கதான் கிடக்குது. அதை எடுத்துட்டு வாங்க."

"எப்படி எடுக்கறது?"

"எப்படிக் குடுத்தீங்களோ அப்படி."

அவர் போனார். பட்டறையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதே பையன்களும் இருந்தார்கள். லேத்துக்காரர் "வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"அன்னிக்கு என் மனைவி சார்பா உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்ல. அதைத் திரும்ப எடுத்துக்கறேன். அவங்க உணர்ச்சிவசப்படல. அவங்க சொன்னது உண்மை."

"என்ன சார் இது, சின்னப் பிள்ளை மாதிரி…"

"எடுத்துக்கிட்டேன். இவங்க எல்லாரும் கேட்டாச்சு."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எத்தனையோ பையன்களை எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். கேட்டதைத் திருப்பி வாங்கும் பாடம் அவருடைய பள்ளியில் கிடையாது. டாக்டர் அவருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார்.

அசல் கேஸ் டாக்டர் கைக்கு வர வெகுநாளாயிற்று. வந்தபோது ஒரு மூலையில் தூசு, மறு மூலையில் ஸ்டேஷன் அரக்கு முத்திரை. லேத்துக்காரர் கடைந்த வேலை மட்டும் சுத்தமாக இருந்தது. அளந்து பார்த்தபோது இழைகூடப் பிசகவில்லை. அதைக் கண்டு டாக்டருக்கு இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு நன்றாக வேலை தெரிந்த மனுஷன்!

பிறகு கட்டினார். பேரிங்குகளைப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, கிராங்கை இறக்கி, இரண்டு பாதிகளையும் மூடி முறுக்கினார். சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்தன. அக்காவின் ஓவன் மறுபடி இறங்கி வந்தது. கணவர் டார்ச் பிடித்தார்; எந்த இடத்தில் கை இருக்கிறதோ அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் இடது", "போதும்", "அந்த ஸ்பேனரைக் குடுங்க". அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கையில் பேசத் தேவையும் இல்லை.

எஞ்சினை வண்டியில் ஏற்றிப் பூட்டிய பிறகு ஒரு காலையில் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, தும்மியது, நின்றது. கார்புரேட்டரில் ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினார். மறுபடி திருகினார். பிடித்துக்கொண்டது. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கே உரிய சத்தம், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, வீடு முழுக்க நிறைந்தது. அக்கா மாடியிலிருந்து ஓடிவந்து கைதட்டினாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரும் சிரித்தார். எல்லாம் இருந்தது, ஆனால் இத்தனை மாதமாக அவர் மனசில் கற்பனை செய்துவைத்திருந்த அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. அதில் ஒரு பங்கை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தராது.

"முதல் ஓட்டம் எங்க போலாம்?" என்றாள் அக்கா, முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு. "ஏரிப்பக்கம் போலாமா?"

"போலாம். வழியில ஒரு வேலை இருக்கு."

வண்டி ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. பட்டறை இன்னும் திறந்திருந்தது. வரும் வழியில் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள். வாசலில் வேறு யாருடைய எஞ்சினோ பிரித்துக் கிடந்தது. வழக்கு என்ன ஆனது என்று கேட்கும்போதெல்லாம் மேலே அனுப்பியிருக்கிறோம், கீழே வரவில்லை என்பதுதான் பதில்.

சத்தம் கேட்டு ஏட்டு வெளியே வந்தார். வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அட, என்ன வண்டிம்மா! இப்பல்லாம் இந்த மாதிரி பாக்கவே முடியாது. எஞ்சினைக் கொஞ்சம் திறந்து காட்டறீங்களா?"

டாக்டர் எஞ்சினை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் படியேறினார்.

"எஞ்சினை அப்புறம் பாக்கலாம். முதல்ல என் புகார் எந்த மேசையில கிடக்குன்னு காட்டுங்க. இன்னிக்கு எனக்கு லீவு. நான் உக்காந்திருக்கேன்."